ரெண்டு விரல் டெய்லரின் ஒன்பது அங்குலம்

அந்தத் தெருவில் துணி தைக்கக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடம். "ரெண்டு விரல் கூட வெச்சிருக்கேன்." உடுப்பைப் போட்டுப் பார்க்கிறவர் கண்ணாடி முன்னால் முகத்தைச் சுளிப்பதற்குள் டெய்லர் அதைச் சொல்லிவிடுவார். பள்ளிச் சீருடையா, பிள்ளை வளரும், ரெண்டு விரல். கல்யாணக் கோட்டா, ஆறு மாதத்தில் தொப்பை விழும், ரெண்டு விரல். தையலுக்கு உள்ளே மடித்து விடுகிற துணியைத்தான் சொல்கிறார். வேண்டும்போது பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். நாற்பது வருடத்தில் ஒருவரைக்கூட மூச்சு முட்டுகிற உடுப்போடு அனுப்பியதில்லை என்பார். தெரு அவருக்கு வைத்த பெயர் ரெண்டு விரல் டெய்லர்.

நான் அந்தக் கடைக்குள் முதன்முதலில் நுழைந்தது துணியோடு அல்ல. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியோடு. முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு வீடுகளுக்குப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். டெய்லரின் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் நிற்காது.

கடைக்கு உள்ளேயே, துணி வெட்டுகிற மேசைக்குப் பின்னால் மாடிப்படி. இரண்டேகால் அடி அகலம், பாதியில் ஒரு திருப்பம். மேலே சமையலறை, குளியலறை, படுக்கையறை. டெய்லரம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"நர்ஸா நீங்க? உங்களையே ஒருத்தர் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும் போல இருக்கே."

"நான் பிடிக்கத்தான் வந்திருக்கேன், பிடிச்சுக்க வரல. கையக் கொடுங்க."

"எந்தக் கை? வேலையில இருக்கிற கையா, ரிட்டயர் ஆன கையா?"

"ரிட்டயர் ஆனதக் கொடுங்க. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

கீழே நின்றிருந்த டெய்லர் சிரிக்கிற சத்தம் படிக்கட்டு வழியாக வந்தது. இரண்டு மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான் என்று டெய்லரம்மா பின்னால் சொன்னார்.

அவர்கள் கதை பெரியதல்ல. கல்யாணமான மறு வாரமே டெய்லரம்மா கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவர். அவர் வெட்டித் தைப்பார், இவர் காஜா எடுப்பார், பட்டன் கட்டுவார், ஓரம் அடிப்பார். முப்பத்தாறு வருடம். ஒரே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் வெளிநாட்டில் இருக்கிறாள். வாடகைக்கு இருந்த வீட்டை வாங்கியபோது டெய்லர் அதை மனைவி பெயரில் எழுதினார். கடை என் பெயர், வீடு அவள் பெயர், அப்போதுதான் சண்டை போட்டால் இரண்டு பேரும் வெளியே போக முடியாது என்று சொல்வார்.

படுக்கையறை பின்பக்கம் பார்த்தது. ஜன்னலைத் திறந்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி இடமும் மதில் சுவரும்தான் தெரியும். தெரு தெரியாது. டெய்லரம்மாவுக்கு மிச்சம் இருந்தது கீழே ஓடுகிற தையல் மிஷின் சத்தம் மட்டும். அதை வைத்தே கடையை நடத்தினார்.

"என்னங்க! ஊசி மழுங்கிடுச்சு, மாத்துங்க!" என்று கத்துவார். கீழே சத்தம் நிற்கும். சற்று நேரம் கழித்துப் புது ஊசியில் ஓடும். ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

நான் வந்த முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்டுவிட்டார். "நான் எப்பக் கீழ போவேன்?"

"கீழ என்ன வெச்சிருக்கீங்க?"

"என் ஸ்டூல் இருக்கு."

அவ்வளவுதான் அவர் கேட்டது. நடக்க வேண்டும் என்று கேட்கவில்லை, கை சரியாக வேண்டும் என்று கேட்கவில்லை. கடையில் உட்கார வேண்டும். வருகிறவன் போகிறவனிடம் வாயாட வேண்டும்.

கடையிலேயே ஒரு கட்டிலைப் போட்டுவிடலாமே என்றுதான் நானும் முதலில் சொன்னேன். கீழே கழிப்பறை கிடையாது. கால்சட்டை அளவு கொடுக்க நாலு ஆம்பளைங்க நிற்கிற இடத்தில் திரைக்குப் பின்னால் பாத்திரம் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றார் டெய்லரம்மா. நியாயம். நானாக இருந்தாலும் மாட்டேன்.

டெய்லர் அதற்குள் முடிவு செய்திருந்தார். பின்பக்கக் காலி இடத்தில் தரையோடு ஒரு அறை, கழிப்பறையோடு. அங்கிருந்து சாமான் அறை வழியாகச் சக்கர நாற்காலியைத் தள்ளினால் நேரே கடை. மகள் போனில், "அப்பா, அனுமதியெல்லாம் கேட்டுட்டு நிக்காதீங்க, எல்லாரும் கட்டிட்டுத்தான் கேக்கறாங்க, பேசாமக் கட்டிடுங்க" என்றாள். தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

டெய்லர் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் இருந்தது. ஆறு வருடம் முன்பு கடைக்கு முன்னால் வெயிலுக்காக ஒரு தகரம் இறக்கியிருந்தார். அனுமதி இல்லாத தகரம். ஒருநாள் காலை மாநகராட்சி வண்டி வந்து பிய்த்துப் போட்டது. தகரம் விழும்போது டெய்லரம்மா அதற்கு அடியில் ஸ்டூலில் இருந்தார். தோளில் நாலு தையல்.

"தகரத்துக்கே அப்படி. இது சுவரு, நர்ஸம்மா. உள்ள அவ படுத்திருப்பா. இடிக்க வந்தா அவ எந்திரிச்சு ஓடுவாளா?" என்று கேட்டார்.

அனுமதி வாங்கியே கட்டுவது என்று முடிவானது.

பிளான் போட்டுக் கொடுக்கிற இன்ஜினியர் அவருடைய வாடிக்கையாளர். கடைக்கு வந்து உட்கார்ந்து, பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பத்தடி நீளம் போதும். கழிப்பறை ஒரு மூலையில. சின்ன வேலை" என்றார்.

போதாது என்றேன் நான். சக்கர நாற்காலி முழுசாகத் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும், கழிப்பறைக்கு உள்ளேயும். கதவு மூன்றடி. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று புரட்டுகிற இடம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான். பத்து அல்ல, பன்னிரண்டு என்றேன்.

"அம்மா, நாற்காலியா பஸ்ஸா?" என்றார் இன்ஜினியர்.

"நீங்க ஒருநாள் அதுல உக்காந்து கழிப்பறைக்குப் போய்ப் பாருங்க. அப்புறம் பஸ்ஸுன்னு சொல்லுங்க."

பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார். மனையின் நீளத்தை அளக்க ஆள் அனுப்புகிறேன், இரண்டு வாரம் ஆகும் என்றார். வீட்டுப் பத்திரம் பழையது. எந்தப் பக்கம் யார் சுவர் என்று எல்லை எழுதியிருந்ததே தவிர அடிக்கணக்கு இல்லை. அந்த இரண்டு வாரத்தை டெய்லரால் பொறுக்க முடியவில்லை.

"அளவு எடுக்கிறதுதானே? நாற்பது வருஷமா நான் என்ன செஞ்சிட்டிருக்கேன்?"

கழுத்தில் கிடந்த நாடாவோடு வீட்டின் பக்கச் சந்துக்குள் போனார். தெருவிலிருந்து பின்மதில் வரை அளந்துவிட்டு வந்து, "நாற்பது அடி. மயிரிழை பிசகில்ல" என்றார். இன்ஜினியர் அந்த நாற்பதைப் போட்டார். வீடு இருபத்து நாலு. மிச்சம் பதினாறு. பின்மதிலை ஒட்டி நாலடி திறந்த இடம் விட வேண்டும் என்பது விதி. பதினாறில் நாலு போனால் பன்னிரண்டு. கச்சிதமாக உட்கார்ந்தது.

வீடு டெய்லரம்மா பெயரில் இருந்ததால் விண்ணப்பதாரரும் அவர்தான். பரீட்சை அட்டையில் தாளை வைத்து, நான் அட்டையைப் பிடித்துக்கொள்ள, பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டார். பதினோராவதில், "இத்தனை கையெழுத்து நான் கல்யாணத்துக்குக்கூடப் போடல. அப்பவே இப்படிப் படிச்சுப் பாத்திருக்கணும்" என்றார். டெய்லர் தாளை ஊதிக்கொண்டிருந்தார், மை காய. அவர் காது சிவந்தது.

மாநகராட்சி கொடுத்த விண்ணப்ப எண் எழுதிய சீட்டைத் தலையணைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். தினமும் காலையில் மாத்திரை விழுங்கியதும் டெய்லரை மேலே கூப்பிட்டுப் போனில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்வார். "பரிசீலனையில்" என்று வரும். "எம் பொண்ணு பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இவ்வளவு பாக்கல" என்பார். மூன்று மாதம் பரிசீலனையில் இருந்தது.

அந்த மூன்று மாதத்தில் டெய்லர் மனைவிக்காக ஆறு சட்டைகள் தைத்தார். விழுந்த கையைச் சட்டைக்குள் நுழைப்பது லேசான வேலை இல்லை. முதலில் செயலற்ற கையைப் போட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். நான் செய்வதை ஒருநாள் படிக்கட்டில் நின்று பார்த்தார். மறுநாள் இடது தோள் முழுக்கத் திறந்து பட்டன் வைத்த சட்டையோடு வந்தார். கையைத் தூக்கவே வேண்டாம், மேலே போர்த்திப் பட்டனைப் போட்டால் போதும். நான் பார்த்த எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு உடுப்பு இருந்ததில்லை.

டெய்லரம்மா பட்டன் துளையைத் தடவிப் பார்த்தார். "காஜா யாரு எடுத்தது?"

"நான்தான்."

"தெரியுது. எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"நீ கீழ வந்து எடு."

"வர்றேன், வர்றேன். உங்க மாநகராட்சியக் கேளுங்க."

நாலாவது மாதம் கட்டட ஆய்வாளர் வந்தார். முப்பது வயதுப் பெண். இரும்பு அளவு நாடாவின் ஒரு முனையை டெய்லரிடம் கொடுத்துவிட்டுச் சந்தின் மறுமுனைக்குப் போனார். ஒரே இழுப்பு. எழுதினார். மறுபடி இழுத்தார்.

"ஐயா, முப்பத்தொன்பது அடி மூணு அங்குலம்தான் இருக்கு. பிளான்ல நாற்பதுன்னு போட்டிருக்கீங்க."

"இல்ல மேடம், நானே அளந்தேன்."

"நானும் இப்ப உங்க முன்னாடிதானே அளந்தேன்? ஒன்பது அங்குலம் குறையுது. பின்னாடி நாலடி விடணும், மூணே காலடிதான் நிக்குது."

நான் படியிறங்கி வந்து, மேலே டெய்லரம்மா படுத்திருக்கும் நிலையைச் சொன்னேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டார். மேலே வந்து டெய்லரம்மாவைப் பார்த்து வணக்கமும் சொன்னார். "எனக்கும் அம்மா இருக்காங்கம்மா. ஆனா தப்பான அளவுல நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு உங்க சுவத்தத்தான் இடிப்பாங்க. பிளானை மாத்திப் புதுசாப் போடுங்க. பழைய நம்பர்ல திருத்த முடியாது" என்றார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அவர் போனதும் டெய்லர் தன் நாடாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கோபத்தில் முகம் கறுத்திருந்தது. மதிலிலிருந்து தொடங்கி மறுபடியும் அளந்தார். நான் டெய்லரம்மாவின் கட்டிலை ஜன்னலோரம் தள்ளி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்திருந்தேன். இருவரும் மேலிருந்து பார்த்தோம்.

தையல் நாடா அறுபது அங்குலம், ஐந்தடி. அதை விரித்தார். முடிகிற இடத்தில் தரையில் இரண்டு விரலை ஊன்றினார். அடுத்த ஐந்தடியை விரலுக்கு அப்பால் தொடங்கவில்லை. விரலுக்கு இப்பால், ஏற்கெனவே அளந்த தரையின் மேலேயே நாடாவின் தலையை வைத்தார். இரண்டு துணியை ஒட்டும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைப்பார்களே, அதுபோல.

டெய்லரம்மா உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். ஒரு பக்க வாய் மட்டும் சிரித்தது, உடம்பு முழுக்க ஆடியது.

"ஐயோ நர்ஸம்மா, பாருங்களேன்! மனுஷன் மண்ணுக்குத் தையல் விடறாரு!"

கீழே டெய்லர் நிமிர்ந்தார்.

"என்னங்க! ரெண்டு விரல் கூட வெச்சிருக்கீங்க! வீடு வளரப்போகுதா?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். எட்டு தடவை விரித்தால் ஏழு ஒட்டு. ஒட்டுக்கு இரண்டு விரல், ஒண்ணேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். ஏழு ஒட்டுக்கு ஒன்பது அங்குலம். இருந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். டெய்லரம்மா சிரித்துச் சிரித்து இருமினார், நான் முதுகைத் தட்டினேன். இருமல் நின்றபோது கண்ணில் தண்ணீர் இருந்தது. எதனால் வந்த தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. துடைத்துவிட்டேன்.

தப்பு அவருடையது மட்டும் அல்ல. முதலில் இன்ஜினியர் சொன்ன பத்தடிக்கே விட்டிருந்தால் ஒன்பது அங்குலம் குறைந்தாலும் விதிக்கு மேல் இடம் நின்றிருக்கும். பிளானில் மட்டும் நீளத்தைத் திருத்தினால் போதும் என்று அந்த ஆய்வாளரே எழுதியிருப்பார். புதுப் பிளானுக்குப் பதினோரு அடி போதும் என்று இப்போது நானே சொன்னேன். கழிப்பறைக்குள் நாற்காலியைத் திருப்ப முடியாது, பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அது முதலிலேயே முடிந்திருக்கும். நான் புத்தகத்து அளவைக் கேட்டேன். அவர் பழக்கத்து அளவை அளந்தார். இரண்டு பேரும் அந்த அம்மாவுக்குத் தாராளமாக இருக்கட்டும் என்றுதான் செய்தோம்.

இந்த முறை இன்ஜினியரின் ஆள் வந்து இரும்பு நாடாவால் அளந்தார். மறுபடி பதினோரு கையெழுத்து. மறுபடி ஒரு எண். பழைய சீட்டின் மேலேயே புதுச் சீட்டை ஒட்டினோம். "ஆஸ்பத்திரியில நோயாளிக்கு ஒரு நம்பர், இங்க வீட்டுக்கு ரெண்டு நம்பர்" என்றார் டெய்லரம்மா. குரலில் பழைய காரம் இல்லை. மெலிந்துகொண்டு வந்தார். டெய்லர் ஆறு சட்டைகளையும் ஒவ்வொன்றாக இன்னும் இரண்டு விரல் உள்ளே பிடித்துத் தைத்தார்.

இரண்டாவது விண்ணப்பம் போட்டு மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், டெய்லரம்மா என்னிடம் கேட்டார்.

"நர்ஸம்மா, ஒரே ஒரு தடவை என்னைத் தூக்கிக் கீழ கொண்டு போங்க. ஒரு மணி நேரம்."

"யாரு தூக்கறது? அவருக்கு இடுப்பு வலி. எனக்கு அறுபத்தெட்டு வயசு. அந்தத் திருப்பத்துல உங்களைத் தவறவிட்டா இடுப்பெலும்பு போயிடும். அப்புறம் எந்திரிக்கவே முடியாது."

"இப்ப மட்டும் நான் ஓட்டப் பந்தயத்துலயா இருக்கேன்?"

"ஆள் வெச்சு இறக்கினாலும் திரும்ப ஏத்தணுமே. ரூம் வரட்டும். வந்தா தினமும் கீழதான்."

"திரும்ப ஏத்த வேண்டாம். அங்கேயே விட்டுடுங்க" என்றார். சிரிக்கவில்லை.

நான் முடியாது என்று சொன்னேன். அந்தப் படியில், அந்த எலும்புக்கு, அதுதான் சரியான பதில். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சரியான பதிலைச் சொல்லிவிட்டதாலேயே அதை மறந்துவிடலாம் என்று இல்லை.

மழைக்காலம் தொடங்கியதும் சளி கட்டியது. படுத்தே இருப்பவர்களுக்கு அது நெஞ்சில் இறங்க அதிக நாள் ஆகாது. ஒரு காலை நான் போனபோது உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். வந்த இரண்டு பையன்களும் தெருவிலிருந்து வந்த இரண்டு பேரும் ஒரு கெட்டிப் போர்வையில் அவரை ஏந்தினார்கள். நான் தலைமாட்டில் ஆக்ஸிஜனைப் பிடித்தபடி இறங்கினேன். அந்தத் திருப்பத்தில் ஒரு நொடி நின்றார்கள், போர்வையைச் சாய்த்தார்கள், இறங்கிவிட்டார்கள். நாலு நிமிடம் ஆகியிருக்கும். பத்து மாதமாக முடியாது என்று இருந்த படி.

கடைக்குள் வந்தபோது டெய்லரம்மா கண்ணைத் திறந்தார். வெட்டுகிற மேசை, மிஷின், கண்ணாடி, சுவரோரம் ஸ்டூல். ஸ்டூலின் மேல் ஒரு நூல்கண்டுப் பெட்டி இருந்தது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது கை போர்வைக்கு வெளியே வந்தது.

"நில்லுங்க" என்றார் முகமூடிக்குள்ளிருந்து.

பையன்கள் என்னைப் பார்த்தார்கள். விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் அளவு எழுபத்தாறு என்று காட்டியது; தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது.

"நிக்காதீங்க, போங்க" என்றேன்.

போகும்போதே கணவரைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் குனிந்து காதை வைத்தார். மேசையிலிருந்து வாசலுக்குப் பதினோரு எட்டு இருக்கும். அவ்வளவு நேரம்தான் டெய்லரம்மா கடையில் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் நாலாவது நாள் போய்விட்டார். அதற்குப் பிறகு கண் திறந்து பேசவில்லை. கடையில் என்ன சொன்னார் என்று டெய்லரை நான் கேட்டது வெகு நாள் கழித்து. "பட்டன் டப்பா மூடி திறந்து கெடக்கு, தூசி போகும்னு சொன்னா" என்றார்.

மகள் வந்தாள், பத்து நாள் இருந்தாள், அப்பாவைக் கூட வரச்சொல்லி அழுதாள், போனாள். அவள் போன மறு வாரம் டெய்லரின் போனில் செய்தி வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, ஆணையை நேரில் பெற்றுக்கொள்ளவும். அவர் எனக்குப் போன் செய்து, "நர்ஸம்மா, பாஸாயிடுச்சு" என்றார். நானும் கூடப் போனேன்.

மாநகராட்சி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் ஏழாம் எண் ஜன்னல். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கோப்பைப் புரட்டினார்.

"விண்ணப்பதாரர் வரலையா?"

"வர முடியாதுங்க" என்றார் டெய்லர்.

எழுத்தர் ஒரு பக்கத்தில் விரலை வைத்துப் படித்தார். "ஆமா, மாடிப்படி இறங்க முடியாதவங்கன்னு போட்டிருக்கே. உங்க பேருல அதிகாரக் கடிதம் இருக்கு. சரி, இங்க கையெழுத்துப் போடுங்க." நான்கு முத்திரைகளைக் குத்தினார். நல்ல மனிதர். தாள்களை நீட்டும்போது சொன்னார், "மூணு வருஷம் செல்லும். சீக்கிரம் கட்டிக் கீழ கொண்டு வந்துடுங்க. பாவம், மேலயே கிடந்தா மனசு விட்டுப் போயிடும்."

"சரிங்க" என்றார் டெய்லர்.

இறந்தவர் கொடுத்த அதிகாரக் கடிதம் செல்லாது என்பது எனக்குத் தெரியும். டெய்லருக்கும் தெரியும். தாள்களை வாங்கிக்கொண்டோம். அந்த எழுத்தர் ஒருவருக்காவது அன்றைக்கும் டெய்லரம்மா மாடியில் படுத்திருந்தார்.

படியிறங்கி வரும்போது அவர் ஆணையைப் பிரித்துப் பின்பக்கத் திறந்தவெளி என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் தேடிப் படித்தார். "நாலடி மூணு அங்குலம்" என்றார். "மூணு அங்குலம் மிச்சமே இருக்கு, நர்ஸம்மா."

அறையைக் கட்டவில்லை. பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. முதல் பிளானின் தாள் நல்ல கெட்டித் தாள், அகலமும் கூட. அதைக் கத்தரித்துச் சட்டை வெட்டுவதற்கு அச்சு செய்துகொண்டார். கை அச்சின் ஒரு மூலையில் "கழிப்பறை" என்று பாதி எழுத்து தெரியும். ஆணையை மட்டும் பட்டன் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

வேறொன்று மாறிவிட்டது. தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. டெய்லர் இப்போது துணியைக் கச்சிதமாக வெட்டுகிறாராம். உடுப்பு பிடிக்கிறதாம். பிரித்துப் பெரிதாக்கலாம் என்று பார்த்தால் உள்ளே விரல் நுனி அளவுக்குக்கூடத் துணி இல்லையாம். "மனுஷன் கஞ்சனாயிட்டாரு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

போன மாதம் எனக்குப் புதிதாக ஒரு வீடு கிடைத்தது. கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர், இரண்டு காலும் ஒரு கையும் விழுந்துவிட்டன. அவருக்குத் தோள் திறந்த சட்டை நாலு வேண்டும் என்று டெய்லரிடம் போனேன். அளவுகளை எழுதிக் கொண்டு போயிருந்தேன். டெய்லர் துணியை மேசையில் விரித்தார், அதன்மேல் தாள் அச்சு, சுண்ணக்கட்டியை எடுத்தார். அளவு எவ்வளவோ அதே இடத்தில் கோடு போடப் போனார்.

"இருங்க" என்றேன். "படுத்திருக்கிற உடம்பு. ஒருநாள் வீங்கும், ஒருநாள் வத்தும். அவ்வளவு ஒட்ட வெட்டினா என்னால கையை நுழைக்க முடியாது."

கட்டி துணியில் படாமல் நின்றது. மேசைக்கு அப்பால் ஸ்டூல் காலியாக இருந்தது. நூல்கண்டுப் பெட்டியை அதிலிருந்து எடுத்திருந்தார்.

"எவ்வளவு விடணும்?" என்று கேட்டார். நாற்பது வருடத்தில் அவர் வேறொருவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்.

"எப்பவும் விடற அளவுதான்."

 இடது கையின் இரண்டு விரலைத் துணியில் ஊன்றி, விரலுக்கு அப்பால் கோட்டைப் போட்டார்.